விரலில் மை, பையில் சீட்டு: ஒரு வாக்குச்சாவடியில் ஒரு வாக்கு குறைந்த நிகழ்வின் ஆய்வு

தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்த 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையன்று, தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அமைந்த வாக்குச்சாவடிக்கு நான் தலைமை அலுவலராக (பி.ஓ.) இருந்தேன். காலை 11 மணிக்கு எங்கள் பதிவேட்டில் 343 பேர் பதிவாகியிருந்தார்கள். விழுந்த வாக்குகளை எண்ணி வைக்கும் கருவியான கண்ட்ரோல் யூனிட்டோ 342 என்று காட்டியது. அந்த ஒரு வாக்கு எங்கே போயிற்று, அதை எப்படித் தேடினோம், தேடியதில் எது சரி, எது தவறு என்பதைப் பதிவு செய்வதே இந்த எழுத்தின் நோக்கம். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

சாவடியும் அதன் ஒற்றை வாசலும்

எங்கள் சாவடிக்கு ஒதுக்கப்பட்ட வாக்காளர்கள் 1,038 பேர். என்னோடு மூன்று அலுவலர்கள். எல்லாச் சாவடியிலும் போலவே அவர்களைப் பி-1, பி-2, பி-3 என்றே அழைத்தோம். பி-1 வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கேட்கும்படி வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். பி-2 இடது ஆள்காட்டி விரலில் அழியா மையை வைத்து, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வாங்கி, பதிவேட்டு எண்ணை எழுதிய சிறிய வாக்காளர் சீட்டு ஒன்றைக் கொடுப்பார். பி-3 அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, மை இருக்கிறதா என்று பார்த்த பிறகு, கண்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்தி வாக்காளரை மறைவிடத்துக்கு அனுப்புவார். ஆக, ஓர் ஆள் வாக்களித்தார் என்பதற்கு மூன்று தடயங்கள் உண்டு: பதிவேட்டின் வரி, பி-3 கையில் சேரும் சீட்டு, கருவி காட்டும் எண். மூன்றும் எந்நேரமும் ஒத்திருக்க வேண்டும்.

உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக இருப்பதே விதிப்படி சரியான அமைப்பு. எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையில் இரண்டு கதவுகள் இருந்தும், பின்கதவு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதன் முன்னால் பழைய பெஞ்சுகள் வேறு அடுக்கப்பட்டிருந்தன. 18ஆம் தேதி மாலை, மண்டல அலுவலர் கருவிகளை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் அதைத் திறந்து பார்க்க எங்களுக்கு நேரம் வாய்த்தது. ஒரு கதவுள்ள அறையில் கயிறு கட்டி வழியைப் பிரித்துக்கொள்ளலாம் என்று கையேடே சொல்வதால், நாங்களும் துணி காயப்போடும் நைலான் கயிற்றை இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கட்டி, வேலை முடிந்தது என்று படுத்துவிட்டோம். கயிறு பி-2 மேசையின் ஓரமாகவே சென்றது. மை வைத்துக்கொண்டு நிமிரும் ஒருவருக்கு இடப்பக்கம் பி-3 இருப்பார். வலப்பக்கம், ஒரு முழ தூரத்தில், வாக்களித்துவிட்டு வெளியே போகிறவர்களின் வரிசை இருக்கும். வரைபடத்தில் பார்க்கும்போது இதில் ஒரு பிழையும் தெரியாது.

அதிகாலை 5.30

மாதிரி வாக்குப்பதிவைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 11 மணிக்குச் சந்தேகம் கிளம்பியபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, முகவர்களின் முன்னிலையில், நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளரின் பொத்தானையும் ஒருமுறையாவது அழுத்தி, மொத்தம் 50 வாக்குகளுக்குக் குறையாமல் போட்டுப் பார்க்க வேண்டும். வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் ஒன்றில் 16 பொத்தான்களே உண்டு. எங்கள் தொகுதிக்கு இரண்டு யூனிட்கள் தேவைப்பட்டன. (அதே தேர்தலில் 54 வேட்பாளர்கள் நின்ற கரூரில் ஒவ்வொரு சாவடியிலும் நான்கு யூனிட்கள். அங்கே விடிகாலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திய தலைமை அலுவலர்களை அன்று நான் அனுதாபத்தோடு நினைத்துக்கொண்டேன்.) ஒவ்வொரு வாக்குக்கும் விவிபேட் கருவியின் கண்ணாடிச் சாளரத்தில் சின்னம் அச்சிட்ட தாள் ஏழு விநாடிகள் தெரிந்து, பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். 50 வாக்கும் முடிந்ததும் கணக்கை மூடி, முடிவைப் படித்து, விழுந்த தாள்களை எண்ணிப் பொருத்திப் பார்த்து, கருவியிலிருந்த எண்ணிக்கையை அழிக்க வேண்டும். தாள்களின் பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் இட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். கடைசியில் மொத்தம் சுழி என்று காட்டும் கருவியை முகவர்கள் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

இதில் அழிக்கும் பொத்தானை மறப்பதுதான் தலைமை அலுவலர்களின் கெட்ட கனவு. மறந்தால், அந்தக் கருவி வாக்கு எண்ணிக்கையின்போது தனியே ஒதுக்கி வைக்கப்படும். வெற்றி வித்தியாசம் குறுகலாக அமைந்துவிட்டால், அந்தச் சாவடியின் விவிபேட் தாள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டிவரும். மூன்று பயிற்சி வகுப்புகளிலும் எங்களுக்கு அதிகம் ஓதப்பட்டது இதுவே என்பதால், நான் அதை மறக்கவில்லை. வந்திருந்த மூன்று முகவர்களிடமும் சுழியைக் காட்டிக் கையொப்பம் வாங்கினேன். 7 மணிக்கு முதல் வாக்காளர் உள்ளே வந்தார்.

343, 342

9 மணி நிலவரப்படி வாக்களித்தவர்கள் 126 பேர். பதிவேடும் கருவியும் ஒத்திருந்தன. அதன் பிறகு, வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட்டுப் போகலாம் என்று பெண்கள் கூட்டமாக வந்தார்கள். 9 முதல் 11 வரை 217 பேர். சராசரியாக ஓர் ஆளுக்கு 33 விநாடி. இடையில் ரேஷன் அட்டையைக் காட்டி வாக்களிக்கக் கேட்ட இருவரோடு நான் வாதாட வேண்டியிருந்தது. வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்கான மாற்று ஆவணப் பட்டியலில் ஆதார் உண்டு, படத்துடன் கூடிய வங்கிப் பாஸ்புக் உண்டு, நூறு நாள் வேலை அட்டைகூட உண்டு. ரேஷன் அட்டை இல்லை. இதை ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது. அந்த வாதம் நடந்த நேரத்தில்தான் எங்கள் வாக்கு தவறியது என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் நிலவரத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியே கேட்பார்கள். கருவி அதைச் சொல்லாது என்பதால் அந்தக் கணக்கைப் பி-2 வைத்திருப்பார். 11 மணிக்கு அவர் 343 என்றார். கண்ட்ரோல் யூனிட்டில் மொத்தத்தைப் பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். 342. அடுத்த வாக்காளர் மறைவிடத்துக்குள் இருக்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை. எதிர் பெஞ்சில் இருந்த முகவர் ஒருவர், "என்ன சார், மெஷின்ல ஒண்ணு குறையுது?" என்று கேட்டார். அவர் மெல்லத்தான் கேட்டார். ஆனாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

நான் எடுத்த முதல் முடிவு, வரிசையை நிறுத்துவதில்லை என்பது. வெளியே அறுபது பேருக்கு மேல் நிற்கும்போது வாக்குப்பதிவை நிறுத்தினால், பத்து நிமிடத்தில் கருவி கெட்டுவிட்டது என்ற செய்தி ஊரைச் சுற்றிவிடும். இரண்டாவது முடிவு, மூன்று முகவர்களையும் அழைத்து இரண்டு எண்களையும் அவர்களுடைய தாளிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னது. ஒளித்தால்தான் அது புகாராகும் என்று நினைத்தேன்.

நான்கு ஐயங்கள்

கருவியில் முன்பே ஏதாவது இருந்திருக்குமோ என்பதற்கு வாய்ப்பே இல்லை. அப்படி இருந்தால் கருவியின் எண் கூடியிருக்கும், குறைந்திருக்காது. தவிர, காலையில் சுழியைப் பார்த்துக் கையொப்பமிட்டவர்களே எதிரில் இருந்தார்கள். அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அடுத்து, மறைவிடத்துக்குள் போன யாரோ பொத்தானை அழுத்தாமல் திரும்பியிருக்கலாம். ஆனால், பி-3 வாக்களிக்க வழிவிட்டதும் கண்ட்ரோல் யூனிட்டில் சிவப்பு விளக்கு எரியும்; வாக்கு விழுந்து நீண்ட ஒலி கேட்ட பிறகே அது அணையும். அணையாத வரை அடுத்த ஆளுக்கு வழிவிட முடியாது. அப்படி நடந்தால் அடுத்த வாக்காளரை நேரே உள்ளே அனுப்ப வேண்டும் என்பது விதி. பி-3 பள்ளி ஆய்வக உதவியாளர்; இது அவருக்கு ஐந்தாவது தேர்தல். ஒருமுறைகூட விளக்கு அணையாமல் நிற்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

மூன்றாவது ஐயத்தை நான் பெரிதும் நம்பினேன். பதிவேட்டில் எண்ணைத் தாவி எழுதுவது, 287க்குப் பிறகு 289 என்று போட்டுவிடுவது, அவசரத்தில் எவருக்கும் நேரும். பி-2க்கு இது முதல் தேர்தல் பணி. அவர் வேலையை நிறுத்தாமலே, ஒவ்வொரு கையொப்பத்துக்கும் இடையில் கிடைத்த நொடிகளில், அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எண்கள் ஒழுங்காகவே இருந்தன. முகவர்கள் தங்கள் பட்டியலில் போட்டு வந்த டிக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். அதுவும் பதிவேட்டோடு ஒத்தது. முதல் பணி என்பதாலேயே அவரைச் சந்தேகித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மிஞ்சியது சீட்டு. பி-3 தான் வாங்கிய சீட்டுகளை வரிசை மாறாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இந்த ஆய்வை எழுதியிருக்க மாட்டேன். கம்பியை வாங்கிக்கொண்டு மூலையில் அமர்ந்து, 127ஆம் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். 230 இருந்தது. அடுத்த சீட்டு 232. மணி 11.40.

ஆக, 231ஆம் எண்ணுக்குரியவர் மை வைத்துக்கொண்டார், ரேகை வைத்தார், சீட்டு வாங்கினார். பி-3யிடம் வந்து சேரவில்லை. பதிவேட்டு வரியிலிருந்து பட்டியல் எண்ணும், அதிலிருந்து பெயரும் கிடைத்தன. எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. பி-1 நினைவுபடுத்திச் சொன்னார்: நான் ரேஷன் அட்டை வாதத்தில் இருந்தபோது, கயிற்றுக்கு அந்தப்பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "வா, போவோம்" என்று கூப்பிட, அவர் அப்படியே கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனாராம். வாக்களித்துவிட்டுப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். விரலில் மை இருந்ததே.

கூப்பிடலாமா

இங்கேதான் எனக்கு உண்மையான தயக்கம் வந்தது. பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகும் வாக்களிக்க வேண்டாம் என்று முடிவு செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு. அதைத்தான் 49-ஓ விதி சொல்கிறது. அப்போது பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் எழுதி அவருடைய கையொப்பம் அல்லது ரேகையை வாங்க வேண்டும். இவர் முடிவு செய்து போனாரா, தெரியாமல் போனாரா என்று அவரைக் கேட்காமல் சொல்ல முடியாது. போனவரைத் தேடிக் கூப்பிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூப்பிடக்கூடாது என்றும் இல்லை. எண்ணிக்கை மேசையில் கருவியின் மொத்தத்தை வாக்குப்பதிவு முடிந்ததும் நாங்கள் நிரப்பும் 17சி என்ற வாக்குக் கணக்குப் படிவத்தில் எழுதிய கருவி எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள் என்பதால், இந்த ஒரு வித்தியாசத்தைப் படிவத்தில் காரணத்தோடு குறித்துவிட்டு நான் சும்மா இருந்திருந்தாலும் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அப்படியே விட்டுவிடும்படி மண்டல அலுவலர் தொலைபேசியில் சொன்னதும் நியாயமான யோசனைதான். ஆனால், அந்த மூதாட்டியின் வாக்கு அவருக்குத் தெரியாமலே போயிருந்தால், படிவத்தில் அதற்கென்று ஒரு வரி இல்லை என்பது எனக்கு உறுத்தியது.

முகவர்களில் ஒருவர், பைக்கில் போய் ஐந்து நிமிடத்தில் கூட்டி வந்துவிடுவதாக எழுந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வேட்பாளர் தரப்பு வாகனத்தில் வாக்காளரை ஏற்றி வருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கையில் சேரும். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே உதவி மேசையில் இருந்த வாக்குச்சாவடி நிலை அலுவலரை அழைத்தேன். அவர் அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளர். எல்லா வீடும் தெரிந்தவர். முகவர்களின் முன்னிலையிலேயே அவரிடம் இப்படிச் சொன்னேன்: "உங்ககிட்ட இருக்கிற சீட்டைப் பத்தி பி.ஓ. கேக்கிறாருன்னு மட்டும் சொல்லுங்க. ஓட்டுப் போட வாங்கன்னு சொல்லாதீங்க."

அவர் போன முதல் முறை வீடு பூட்டியிருந்தது. 1 மணி நிலவரம் பதிவேட்டில் 481, கருவியில் 480. இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் கயிற்றை அவிழ்த்து, பி-3 மேசையைத் திருப்பி, பி-2இடம் இருந்து பி-3ஐத் தாண்டாமல் வெளியேற முடியாதபடி பெஞ்சைக் குறுக்கே போட்டோம். பதினைந்து நிமிட வேலை. முந்தைய நாள் மாலையே செய்திருக்கலாம்.

2.30 மணி வாக்கில் மூதாட்டி வந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையை ஒதுக்கி, நான்காக மடித்த சீட்டை நீட்டினார். ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பையில் அதே மாதிரி இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன: ஒன்று வீட்டுக்கு வந்து கொடுத்த பூத் சிலிப், இன்னொன்று தெருமுனையில் கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்த எண். அவரைப் பொறுத்தவரை மூன்றும் சீட்டுதான்.

"ஏன் அப்பத்தா, சீட்டைக் குடுக்காமப் போயிட்டீங்க?" என்று அங்கன்வாடிப் பணியாளர் கேட்டார்.

"மைதான் வச்சாச்சே. நாளைப்பின்ன யாராச்சும் கேட்டா காட்டணும்லன்னு பத்திரமா வச்சிருக்கேன்."

நான் அவரிடம், நீங்கள் இன்னும் வாக்களிக்கவில்லை, விருப்பம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் இங்கே ரேகை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போடத்தானே வந்தேன்" என்றார்.

பதிவேட்டு வரிசைப்படியே வாக்களிக்க அனுமதிக்க வேண்டும் என்பது பொது விதி. தவிர்க்க முடியாத காரணத்தால் வரிசை மாறினால், எந்த எண்ணுக்குப் பிறகு வாக்களித்தார் என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். அதன்படி 231க்கு எதிரே, 547க்கும் 548க்கும் இடையில் வாக்களித்தார் என்று எழுதி நான் கையொப்பமிட்டேன். முகவர்கள் எதிர்ப்புச் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது; மறைவிடத்தில் அவர் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார்; பிறகு அந்த ஒலி கேட்டது. கருவி 547 என்று காட்டியது. இத்தனையையும் தலைமை அலுவலர் நாட்குறிப்பில், நேரத்தோடு எழுதினேன்.

எது காரணம்

மூதாட்டியின் அறியாமை என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் விரலில் மை வைப்பதை வாக்களித்ததற்கு அடையாளமாக அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். மை விரலைத் தூக்கிக் காட்டும் படங்களே ஒவ்வொரு தேர்தலிலும் விளம்பரமாக வருகின்றன. உண்மையில் மை வைப்பது நடுவில் வரும் ஒரு படி. அதற்குப் பிறகும் இரண்டு படிகள் இருக்கின்றன என்பதை அறையின் அமைப்புதான் சொல்ல வேண்டும். எங்கள் அறை அதற்கு எதிராகச் சொன்னது. பயிற்சி வகுப்புகளில் பொத்தான்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மேசைகளுக்கு இடையே ஆள் எப்படி நடப்பார் என்பதற்கு ஒரு படம் காட்டி நகர்ந்துவிடுகிறோம்.

என் தவறு ஒன்று தெளிவானது. இரண்டு மணி நேர நிலவரத்துக்காக மட்டுமே இரண்டு எண்களையும் ஒப்பிட்டேன். ஐம்பது பேருக்கு ஒருமுறை பி-2உம் பி-3உம் எண்ணைச் சொல்லிப் பொருத்தியிருந்தால், 250இலேயே குறை தெரிந்து, கம்பியில் இருபது சீட்டைத் தள்ளுவதற்குள் 231 அகப்பட்டிருக்கும். மூதாட்டி தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பிற்பகல் முழுவதும் அப்படியே செய்தோம். அதனால் வரிசை தாமதமாகவில்லை.

இன்னொன்று, நிலவரம் அனுப்பும் எண்ணைப் பற்றியது. 11 மணிக்கு நான் அனுப்பியது பதிவேட்டின் 343. கருவியில் அப்போது இருந்தது 342. அன்றிரவு மாநில வாக்குப்பதிவு 72.09 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டு, மறுநாள் 69.46 என்று மாறி, முடிவில் 69.72 என்று நின்றபோது ஊரெங்கும் கேள்விகள் எழுந்தன. அந்த வித்தியாசம் மிகப் பெரியது. எங்கள் ஒரு வாக்கோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால், பகலில் கைப்பேசியில் போகும் எண்ணும், மாலையில் 17சியில் எழுதி முகவர்களுக்குப் படி கொடுக்கும் எண்ணும் ஒரே தன்மையானவை அல்ல என்பதை அன்று நான் என் மேசையிலேயே பார்த்தேன்.

மாலை 6 மணிக்கு வரிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள். கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண் போட்ட சீட்டுகளைக் கொடுத்தோம். அவர்களும் போட்டு முடித்ததும் கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினேன். பதிவேட்டில் 791, கருவியில் 791. வாக்களிக்க மறுத்தவர் இல்லை, சோதனைக்காகப் போட்ட வாக்கு இல்லை. 17சியில் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்ற வரியில் ஆம் என்று எழுதிப் படிகளை முகவர்களுக்குக் கொடுத்தேன். காலையில் கேட்டவர் தன் படியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டே மடித்தார்.

லாரி வர இரவு 9 மணி ஆயிற்று. அதுவரை உறைகளைக் கட்டினோம். வாக்காளர் சீட்டுகள் சட்டப்பூர்வ உறைகளில் ஒன்றில், பச்சை உறைக்குள் போக வேண்டியவை. பி-3 கம்பியிலிருந்து சீட்டுகளைக் கழற்றி நூலால் கட்டும்போது, 231ஐ 547க்கு அடுத்ததாக வைப்பதா, 230க்கு அடுத்ததாக வைப்பதா என்று கேட்டார். வாக்களித்த வரிசையிலேயே இருக்கட்டும் என்றேன். கட்டின் நடுவே அந்த ஒரு சீட்டு மட்டும் மடிப்பு விழுந்து, கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது.